1957 ஐந்து ரூபா வெள்ளி நாணயம்: கண்ணாடிப் பளபளப்பு அச்சு தந்ததா, துணி தந்ததா?

கேள்வி: வெள்ளவத்தைச் சதம்

அன்பர்களுக்கு வணக்கம். காலஞ்சென்ற என் பெரியப்பாவின் அலுமாரியில் இருந்து, புத்த ஜயந்தி நினைவாக 1957ஆம் ஆண்டிட்டு வெளியான ஐந்து ரூபா வெள்ளி நாணயம் ஒன்றும், 1870ஆம் ஆண்டின் ஐந்து சதச் செப்புக் காசு ஒன்றும் என் கைக்கு வந்தன. வெள்ளி நாணயத்தில் உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றுப்பரப்பு, முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல மின்னுகிறது. புறக்கோட்டையில் பழங்காசு வாங்கி விற்கும் ஒருவர் அதைப் புரூஃப் என்றார். செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் எங்கள் உறவினரோ, எவரோ எப்போதோ மெருகு போட்டிருக்கிறார்கள் என்கிறார். தரப்படுத்தும் நிறுவனங்களின் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் காணப்படும் புரூஃப்லைக், கேமியோ, ஃபுல் பேண்ட்ஸ் போன்ற சொற்கள் எதைக் குறிக்கின்றன? அவற்றில் ஏதாவது ஒன்று இந்த நாணயத்துக்குப் பொருந்துமா? செப்புக் காசைத் துலக்கி அனுப்புவது நல்லதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: கொட்டாஞ்சேனைப் பழங்காசு

ஐயா, முதலில் செப்புக் காசைத் துலக்காதீர்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம்.

சீட்டில் காணும் எண், ஷெல்டன் அளவுகோல் எனப்படும் தர வரிசையில் 1 முதல் 70 வரை இருக்கும். அது, ஒரு நாணயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு கீறல் பட்டிருக்கிறது என்பதையே முதன்மையாகச் சொல்கிறது. நீங்கள் கேட்ட சொற்கள் அந்த எண்ணை உயர்த்துவன அல்ல. அச்சு அந்த நாணயத்துக்கு எத்தகைய பரப்பைக் கொடுத்தது, உலோகம் அச்சின் பள்ளங்களில் எவ்வளவு முழுமையாக நிறைந்தது என்பவற்றைத் தனியே குறிக்கின்றன. 62 எண் பெற்ற நாணயம் புரூஃப்லைக் ஆகலாம்; 66 பெற்றது ஆகாமலும் போகலாம்.

புரூஃப் என்பது ஒரு தரம் என்று பலர் நினைக்கிறார்கள்; அது தயாரிக்கும் முறையின் பெயர். மெருகிட்ட வெற்றுத் தகட்டை மெருகிட்ட அச்சுகளுக்கிடையே வைத்து, மெதுவாக, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்துவார்கள். அதனால் விளிம்பு சதுரமாகவும் கூர்மையாகவும் நிற்கும். எழுத்துகளின் ஓரங்கள் வெட்டியெடுத்தவை போலிருக்கும். புரூஃபில் உருவங்கள் பனி படிந்தாற்போல் வெண்மையாகவும் பரப்பு கண்ணாடியாகவும் அமைந்தால் கேமியோ என்பார்கள். அந்த வேறுபாடு மிகவும் வலுவாக இருந்தால் தரப்படுத்தும் நிறுவனங்களில் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் டீப் கேமியோ என்றும், என்.ஜி.சி. நிறுவனம் அல்ட்ரா கேமியோ என்றும் எழுதுகின்றன. அச்சில் ஏற்றிய அந்தப் பனித்தன்மை அடிக்க அடிக்கத் தேய்ந்துவிடுவதால், பழைய புரூஃப்களில் முதலில் அடிக்கப்பட்ட சிலவற்றுக்கே அது வாய்த்தது.

புரூஃப்லைக் இதிலிருந்து வேறுபட்டது. புழக்கத்துக்காகச் சாதாரணமாக அடிக்கப்பட்ட நாணயமே, அப்போதுதான் மெருகிட்ட அச்சில் இருந்து வந்ததால் கண்ணாடிப் பரப்பைப் பெற்றிருக்கும். அச்சு சிறிது காலம் உழைத்தபின் அந்தத் தன்மை போய்விடும். அமெரிக்காவின் மோர்கன் டாலரில்தான் இந்த அளவீடு வளர்ந்தது. நாணயத்தின் மீது அடிமட்டமொன்றை நிமிர்த்திப் பிடித்து, எத்தனை அங்குலம் வரை அதன் எண்கள் பரப்பில் தெளிவாகத் தெரிகின்றன என்று பார்ப்பார்கள். ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை தெரிந்தால் புரூஃப்லைக். ஆறு அங்குலத்துக்கு மேல் தெரிந்தால் டீப் மிரர் புரூஃப்லைக். இரு பக்கங்களும் இந்தத் தகுதியைப் பெற வேண்டும்.

1957 ஐந்து ரூபாவுக்குப் புரூஃப் அடிப்பும் உண்டு என்பதால் கடைக்காரரின் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எனினும் உங்கள் உறவினரின் ஐயம்தான் முதலில் தீர்க்கப்பட வேண்டியது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, ஒற்றை விளக்கின் கீழே நாணயத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பரப்பில் நுண்கோடுகள் தெரியும். அச்சை மெருகிட்டபோது அதில் விழுந்த கீறல்கள், நாணயத்தில் மேலெழுந்த கோடுகளாகவே வரும். உருவங்களும் எழுத்துகளும் அச்சில் பள்ளமாக இருப்பதால் மெருகுக் கருவி அங்கே எட்டாது, ஆகவே கோடுகள் எழுத்தின் அடியில் வந்து நின்றுவிடும். துணியோ பற்பசையோ போட்டுத் தேய்த்த கோடுகள் உலோகத்தில் உள்ளிறங்கியிருக்கும். எழுத்துகளின் மேலும் தயக்கமின்றி ஏறிச் செல்லும். அத்தகைய நாணயத்துக்கு எண்ணே கிடைக்காது. துப்புரவாக்கப்பட்டது என்ற குறிப்புடன் டீடெய்ல்ஸ் சீட்டுத்தான் வரும்.

செப்புக்கு நிறமே சிறப்புப் பெயர். பரப்பில் 95 சதவீதமாவது அச்சகத்தின் மூலச் சிவப்பு எஞ்சியிருந்தால் ரெட், 5 சதவீதத்துக்கும் குறைந்தால் பிரவுண், இடைப்பட்டது ரெட் பிரவுண். 1870 காசுக்குப் பிரவுண் என்ற சொல் ஒரு குறையே அல்ல. துலக்கினால் வரும் இளஞ்சிவப்பு மூலச் சிவப்பு ஆகாது. பழகிய கண் அதை நொடியில் பிரித்துவிடும்.

பதில் 2: தெஹிவளை வாசகன்

ஃபுல் பேண்ட்ஸ் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 1916 முதல் 1945 வரை அடிக்கப்பட்ட மெர்க்குரி டைம் என்ற அமெரிக்கப் பத்துச் சதத்தின் பின்புறத்தில், தடிகளின் கட்டைச் சுற்றிய நடு வார்கள் இரண்டாகத் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். 1945இல் பிலடெல்பியாவில் அடித்தவை தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் வார்கள் முழுமையாகப் பிரிந்தவை மிக அரிது என்பதால் விலை பல மடங்காகிறது. ஜெஃபர்சன் நிக்கலில் மாளிகையின் படிகளை எண்ணுவதும், நின்ற கோல லிபர்ட்டி கால் டாலரில் தலையின் நுணுக்கத்தைப் பார்ப்பதும் இதே வகை. இலங்கை நாணயங்களுக்கு அப்படியொரு பெயர் இல்லை. அடிப்பு மெலிந்திருந்தால் எண்ணில்தான் அது தெரியும்.

கேட்டவர்: வெள்ளவத்தைச் சதம்

இருவருக்கும் என் நன்றி. நேற்றிரவு உறவினரின் லென்ஸை வாங்கி இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஒரு பக்கத்தில் கோடுகள் எழுத்துகளின் அடியில் வந்து நிற்கின்றன. மேலெழுந்தவை என்று அவரும் ஒப்புக்கொண்டார். அடிமட்டத்தின் எண்கள் அந்தப் பக்கத்தில் மூன்று அங்குலம் வரை தெரிகின்றன. மறுபக்கம் அவ்வாறில்லை, நாணயத்தைச் சாய்க்கும்போது ஒளி சக்கரம் போலச் சுழல்கிறதே தவிர எண்கள் தெரியவில்லை. விளிம்பும் சற்று உருண்டையாகத்தான் இருக்கிறது.

பதில் 3: கொட்டாஞ்சேனைப் பழங்காசு

அப்படியாயின் அது புரூஃப் அன்று. யாரும் மெருகு போடவும் இல்லை. ஒளி சுழல்வது, அச்சில் உலோகம் பரவிய நுண்வரிகள் அழியாமல் இருக்கின்றன என்பதற்கு நல்ல சான்று; தேய்த்திருந்தால் முதலில் போவது அதுதான். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடியாக இருப்பதால் புரூஃப்லைக் என்ற பெயர் கிடைக்காது. எனினும் என்.ஜி.சி. நிறுவனம், ஒரு பக்கம் மட்டும் அவ்வாறு அமைந்த நாணயங்களுக்குச் சில வேளைகளில் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இடுவதுண்டு. அதை எதிர்பார்த்து அனுப்புவதில் தவறில்லை. அனுப்பும்வரை மென்மையான பி.வி.சி. உறையில் வைக்க வேண்டாம். நம்முடைய கடற்கரை ஈரத்தில் அது பச்சையாகக் கசிந்து வெள்ளியைக் கெடுத்துவிடும். மைலார் எனப்படும் கடினமான பிளாஸ்டிக் உறை போதும். கையில் எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.