குஞ்சம் வச்ச தோல் சாப்ஸ்: எந்தத் தோல், எவ்வளவு வேணும்?

தக்கலை_பேக்
தோல் பை, பெல்ட் வேலை செய்யுற கடை. குதிரை ஓட்டுற ஒருத்தர் குஞ்சம் வச்ச சாப்ஸ் (பேண்டுக்கு மேல இடுப்புல கட்டி காலை மூடுற தோல் உறை) கேட்டிருக்கார். முட்டிக்குக் கீழே நாலு விரல் வரை வருமே, அந்தச் சிங்க்ஸ் ரகம். வாக்கிங் ஃபுட் மிஷின் (மேல இருக்குற ஃபுட்டும் சேர்ந்து நகர்ந்து கனத் தோலைத் தைக்கிறது) இருக்கு. சாம்பிளுக்கு வெட்டின குஞ்சம் சிலது சுருளுது, சிலது நீண்டு தொங்குது. பெல்ட்டுக்கு வாங்கின 3 மி.மீ. வெஜ் டேன் (மரப்பட்டைச் சாறுல பதப்படுத்தின) தோலையே காலுக்கும் போடலாமா? மொத்தம் எத்தனை சதுர அடி?

ஊசிநூல்
3 மி.மீ. இடுப்புப் பட்டைக்கு மட்டும் போடுங்கண்ணே. காலுக்குக் குரோம் டேன் (குரோமிய உப்புல பதப்படுத்தினது), 1.6 முதல் 2 மி.மீ., கையில தூக்கினா துவண்டு விழணும். வெஜ் டேன் குதிரை வேர்வையும் மழையும் பட்டுக் காய்ஞ்சா விறைக்கும்.

குஞ்சம் நீளுறதுக்குக் காரணம் வயித்துப் பக்கத்துத் தோல். அங்க நார் தளர்வா இருக்கும், இழுத்த இழுப்புக்கு வரும். முதுகை ஒட்டின பகுதியில, முதுகெலும்பு ஓடுற திசைக்கே குஞ்சத்தோட நீளம் வர்ற மாதிரி வெட்டுங்க. 1.2 முதல் 1.4 மி.மீ. போதும், அதுக்கு மேல போனா தொங்காம விறைச்சு நிக்கும்.

குஞ்சம் வெட்டுற தோல் துண்டோட அகலம் ஐந்தரை அங்குலம். அரை அங்குலம் தையலுக்குள்ள போகும், அடுத்த அரை அங்குலம் வெட்டாம விடணும், மிச்சம் நாலரை குஞ்சம். ஒவ்வொரு இழையும் கால் அங்குலம். ஸ்டீல் ஸ்கேல் வச்சு ரோட்டரி கட்டரால (உருளுற வட்டக் கத்தி) ஒரே இழுப்பு. நிறுத்தி நிறுத்தி இழுத்தா ஓரம் பிசிறும்.

கால் இரண்டுக்கும் 10, குஞ்சத்துக்கு 3½, இடுப்புப் பட்டைக்கு 2 சதுர அடி. கழிவு கால் பங்கு சேர்த்தா கிட்டத்தட்ட 20 சதுர அடி வரும். ஒரே லாட்டுல எடுங்க, இல்லேன்னா இரண்டு காலும் இரண்டு நிறத்துல நிக்கும். இன்னொண்ணு: பேட்டர்னைத் திருப்பிப் போட்டு மறு காலை வெட்டணும். இது மறந்து இரண்டும் இடது காலாப் போறது சாதாரணமா நடக்குற நஷ்டம்.

சேணம்
மேலே சொன்னது சரி. ஆனா குஞ்சத்தைத் தைச்ச பிறகுதான் வெட்டணும், முதல்லயே வெட்டினா மிஷின்ல தோலை அழுத்துற ஃபுட்டுக்கு அடியில சிக்கும். அடியில ஒரு கெட்டி அட்டை கொடுத்தா கால் தோல்ல கத்தி படாது.

நூல் 138 நம்பர் பாண்டட் நைலான் (இழை பிரியாம ஒட்டின நூல்), ஊசி 22 அல்லது 23 நம்பர். அங்குலத்துக்கு 6, 7 தையல் போதும். நெருக்கினா தபால் தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டுலயே கிழியும்.

அளவை நிக்க வச்சு எடுக்காதீங்க. ஸ்டூல்ல கால் அகட்டி உட்கார வச்சு, ஜீன்ஸுக்கு மேல, தொடையோட மேல்பகுதி, நடுத்தொடை, முட்டிக்கு மேலன்னு மூணு சுற்றளவும் எடுங்க.

முக்கியம்: இடுப்புப் பட்டையோட பக்கிள் பின்னால. முன்னால பட்டையோட இரண்டு பாதியையும் மெல்லிய தோல் கயிறால மட்டும் கட்டணும். சேணத்து முன்பக்கம் நீட்டிட்டு இருக்குற கொம்புல மாட்டினா அந்தக் கயிறு அறுந்து ஆளை விடணும். உறுதியா இருக்கட்டும்னு அங்க ரிவெட் அடிக்காதீங்க.

தக்கலை_பேக்
நன்றி. இதையே புல்லட் ஓட்டுறவருக்கும் கொடுக்கலாமா?

சேணம்
கூடாது. அதுக்கு முழு நீளம், வெளிப்பக்கம் ஜிப் வச்ச ஷாட்கன் ரகம். குஞ்சம் இரண்டு அங்குலத்துக்கு மேல வேண்டாம், அதுவும் முட்டிக்கு மேல மட்டும். ஆரல்வாய்மொழிக் காத்துல நீளக் குஞ்சம் செயினுக்கோ சைலன்சருக்கோ போயிடும். சைலன்சர்ல பட்ட தோல் சுருங்கிக் கருகும்.

ஊசிநூல்
ஜிப், பக்கிள் எல்லாம் பித்தளையில போடுங்க. உப்புக்காத்துல இரும்பு துரு ஏறும், வெஜ் டேன் பட்டையில கருப்புக் கறையும் விடும். நம்ம ஊர்ல இரண்டு பருவமழையும் பெய்யுறதால பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு வைக்க வேண்டாம், காத்தோட்டமா தொங்கவிடச் சொல்லுங்க. நனைஞ்சா நிழல்லதான் காயணும். தேங்காய் எண்ணெய் தேய்ச்சா சிக்கு வாடை அடிச்சுப் பூசணமும் பிடிக்கும்.