சொல் எண்ணும் கருவி தமிழ்ச் சொற்களை உடைக்கிறது

வணக்கம். என் கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்க்க ஓர் இணையக் கருவியில் ஒட்டினேன். மொத்தக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் காட்டுகிறது. பட்டியலில் ‘தமிழ்’ இல்லை. ‘தம’, ‘ழ’ என்று துண்டாக நிற்கிறது. உயிர்க்குறி, புள்ளி வந்த இடமெல்லாம் வெட்டு. ஆங்கிலப் பத்தி கொடுத்தால் கணக்குச் சரி.

விண்டோஸ் 11, யூனிகோட்தான், பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கம் இல்லை. யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தில் சேமித்து குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் பார்த்தாயிற்று. எழுத்துருவைக்கூட மாற்றினேன், அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும். லிப்ரேஆபிஸ் ரைட்டரில் மொத்தம் சரியாக வருகிறது, ஆனால் சொல்வாரிப் பட்டியல் கிடைக்காது. அப்புறம் பைத்தான் நிரல்மொழியில் சொற்களைப் பிரித்தெடுக்க உதவும் ரீ (re) தொகுப்பிலும் இதே வெட்டுதான். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டும்.

தமிழ்ச் சொல்லை உடைக்காமல் சொல்வாரியாக எண்ணித் தரும் இலவசக் கருவி எது?