மெய்ப்பு அனுப்பும் மின்னஞ்சலில் தமிழ் எழுத்துகள் உருமாறுகின்றன: உதவி தேவை

வண்ணை அச்சகத்தார்:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். அழைப்பிதழ் மெய்ப்புகளை (அச்சிடும் முன் சரிபார்க்கும் படிகளை), பில் போடும் மென்பொருளிலிருந்தே வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலாக அனுப்புகிறோம். என் செல்பேசியில் ஒழுங்காகத் தெரியும் அதே அஞ்சலைக் காசிமேட்டு வாடிக்கையாளர் தம் கணினியில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் திறந்தபோது, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியும் பக்கம் முழுவதும் மாறி மாறி வந்திருக்கின்றன. 'திருமண அழைப்பிதழ் மெய்ப்பு சரிபார்க்கவும்' என்ற பொருள் (சப்ஜெக்ட்) வரியோ 'அழைப்பித' வரை சரியாக வந்து, 'ழ்' வர வேண்டிய இடத்தில் கறுப்புச் சாய்சதுரங்களாகிவிட்டது. அவர் அனுப்பிய பதிலில் மணமகன் பெயர் வெறும் கேள்விக்குறிகளாக இருக்கிறது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

தண்டையார்பேட்டை நிரலர்:
ஐயா, எழுத்துருவின் மீது பழி இல்லை. எழுத்துகளை எண்களாக்கி அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாக, அதாவது 3 எண்களாகச் செல்கிறது ('தி' என்பது 'த'வும் இகரக் கொக்கியுமாக இரண்டு குறிகள்). அவற்றுள் முதல் பைட்டை மேற்கத்திய மொழிகளுக்கான எழுத்து அட்டவணைப்படி படித்தால்தான் அந்தச் சாய்கோட்டு 'ஏ' தோன்றும். அதாவது, சரக்கு சரியாக இருக்கிறது, மேலே ஒட்டிய சீட்டுதான் தவறு. தண்டர்பேர்டில் அஞ்சலைத் திறந்து கண்ட்ரோல்-யூ அழுத்தி, 'கன்டென்ட்-டைப்' வரியில் 'சார்செட்' (எந்த அட்டவணைப்படி படிக்க வேண்டும் என்ற குறிப்பு) என்னவென்று பாருங்கள்.

பொருள் வரியின் கோளாறு வேறு. தமிழ்ப் பொருள் வரி பெரும்பாலும் பேஸ்64 (பைட்டுகளை ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக எழுதும் முறை) துண்டுகளாக மாற்றப்பட்டே போகிறது. ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது என்பதாலும், 3 பைட்டுகள் 4 குறிகளாகிவிடுவதாலும், தொடக்க, முடிவுக் குறிகள் போக அதற்குள் 45 பைட்டுகளே அடங்கும். 'திருமண' 18 பைட்டு, இடைவெளி 1, 'அழைப்பித' 24. ஆக 43 ஆகிவிட, அடுத்த 'ழ'வின் 2 பைட்டுகள் இந்தத் துண்டிலும் 1 பைட்டு அடுத்த துண்டிலுமாகப் பிளந்துபோகின்றன. ஓர் எழுத்தை இப்படித் துண்டுகளுக்கிடையே வெட்டக் கூடாது என்று 1996-இலேயே விதி எழுதப்பட்டிருந்தும், உங்கள் மென்பொருளை எழுதியவர் பைட்டை எண்ணினாரே தவிர எழுத்தை எண்ணவில்லை.

வண்ணை அச்சகத்தார்:
பார்த்தேன். 'ஐஎஸ்ஓ-8859-1' என்றிருக்கிறது.

தண்டையார்பேட்டை நிரலர்:
அதுதான் நான் சொன்ன மேற்கத்திய அட்டவணை. மென்பொருள் கொடுத்தவரிடம் அதை 'யூடிஎஃப்-8' என்று மாற்றச் சொல்லுங்கள். அதுவரை வாடிக்கையாளர் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' என்ற கட்டளையை முயன்று பார்க்கலாம். பொருள் வரியை 'திருமண மெய்ப்பு' என்று சுருக்கினால் 43 பைட்டுதான். ஒரே துண்டில் அடங்கிவிடும்.

பெரம்பூர் வாசகர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தக் கேள்விக்குறிகளை மட்டும் மீட்க முயலாதீர்கள். தமிழுக்கு இடமே இல்லாத அட்டவணைக்கு மாற்றும்போது, அனுப்பிய மென்பொருள் ஒவ்வொரு குறிக்கும் பதிலாக உண்மையான கேள்விக்குறியையே எழுதிவிட்டது; பழைய பைட்டுகள் அந்த அஞ்சலில் இல்லை.

வண்ணை அச்சகத்தார்:
மிக்க நன்றி. சுருக்கிய பொருள் வரி முழுமையாகச் சென்று சேர்ந்தது. மணமகன் பெயரைத் தொலைபேசியில் கேட்டு, லகரமா ளகரமா என்று இரண்டு முறை உறுதிசெய்து எழுதிக்கொண்டேன்.