ஒன்பது வண்டியில் ஏற்காடு: யாரையும் தொலைக்காமல் போய் வருவது எப்படி?

சேலத்து_மாப்ள:
அடுத்த ஞாயிறு ஒன்பது டூவீலரில் ஏற்காடு போகிறோம். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் அந்த 20 கொண்டை ஊசி வளைவு. போன தடவை ஏரிக்கரையில் டீ குடித்து, மிளகாய் பஜ்ஜியும் தீர்ந்த பிறகுதான் ஒருத்தன் எண்ணினான், எட்டு வண்டிதான் இருந்தது. என் மச்சான் பாதி மலையில் பின் டயர் பஞ்சராகி, செல்லில் சிக்னலும் கிடைக்காமல், குரங்குகளோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

இறங்கும்போது இன்னொரு கூத்து. முன்னால் போனவன் பஸ்ஸை முந்தினான், அவன் வாலைப் பிடித்து நானும் முந்தினேன். எதிரே ஜீப். அந்த ஜீப்காரர் பிரேக் போட்டதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை இரண்டு பேர் ஸ்கூட்டர், அதில் ஒருவர் மலை ஏறியதே இல்லை. என்ன செய்யலாம், சொல்லுங்க.

கடைசி_வண்டி:
தம்பி, எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு வருடமாகக் கடைசியில் வருவது நான்தான். முந்திப் போகிறவனுக்குக் கிடைத்த சந்து அவனுக்கு மட்டும்தான். உங்களுக்கு வழி இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போங்க, மேலே யாரும் உங்களை விட்டுவிட்டு ஏரியைக் குடித்துவிடப் போவதில்லை.

ஆள் தொலையாமல் இருக்க ஒரே வழி, கண்ணாடி. ஒவ்வொருவருக்கும் தன் பின்னால் வருபவர் பொறுப்பு. கண்ணாடியில் காணவில்லையா, வேகத்தைக் குறையுங்க. அப்பவும் வரவில்லையா, வளைவைத் தாண்டி இடம் பார்த்து ஓரங்கட்டுங்க. நீங்கள் நின்றால் உங்களுக்கு முன்னால் போகிறவரும் நிற்பார், அப்படியே முதல் வண்டி வரை.

மலைக்குப் புதியவரை முதல் வண்டிக்கு நேர் பின்னால் விடுங்க, அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். பின்னால் விட்டால் பிடிக்கிறேன் என்று முறுக்குவார். அடிவாரம் வரை ஒருவர் வலம், ஒருவர் இடம் என்று மாறி மாறிப் போகலாம். மலை ஏறத் தொடங்கியதும் ஒற்றை வரிசைதான். முன் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டி இரண்டு நொடி கழியும் முன் நீங்கள் அந்தக் கல்லுக்கு வந்துவிட்டால், ஒட்டிப் போகிறீர்கள். வளைவில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நிறைய. முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், வளைவுக்கு முன்பே நின்று விடுங்க.

கோரிமேடு_ஸ்பேனர்:
அண்ணன் சொன்னது சரி. இறக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஏறின கியரிலேயே இறங்குங்க. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரல் போடவே கூடாது. ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, மொத்த பாரமும் பிரேக் மேல்தான். அழுத்தியபடியே வந்தால் பிரேக் ட்ரம் சூடேறி, லீவர் கைப்பிடி வரை வந்தாலும் வண்டி நிற்காது. பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாங்க. நடுவில் இரண்டு இடத்தில் நின்று ஆறவிடுங்க.

மலைக்காத்து:
குப்பனூர் வழியா இறங்குங்களேன், கூட்டம் குறைவு.

கடைசி_வண்டி:
கூட்டம் குறைவுதான், ரோடும் குறுகல். புதியவரை வைத்துக்கொண்டு வேண்டாம்.

சேலத்து_மாப்ள:
ரொம்ப நன்றிங்கண்ணா. மச்சானையே கடைசி வண்டியாக வரச் சொன்னேன். பஞ்சர் கிட் வாங்கிக் கொடுத்தால் வருவானாம்.

கோரிமேடு_ஸ்பேனர்:
அவர் வண்டி ட்யூப்லெஸ்தானே? ட்யூப் டயர் என்றால் ட்யூப்லெஸ் கிட் உதவாது.