பழைய ஜாதகம், பத்திரங்களில் உள்ள வருஷத்தை எப்படிக் கணக்கிடுவது?

பரண்மேல்:
குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தால் தேதியிலேயே முட்டுகிறது. கையில் இருப்பவை: நோட்டில் எழுதிய ஜாதகங்கள் நாலைந்து, திருநெல்வேலிப் பக்கத்துக் கிரயப் பத்திரங்கள், ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், மொய் நோட்டு. தாத்தா ஜாதகத்தில் 'விக்ரம வருஷம் தை மாதம்' என்று இருக்கிறது. 1940 என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, தாத்தாவுக்கும் அவருடைய தாத்தாவுக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். பத்திரத்தில் யார் யாரென்று எப்படிப் பிரிப்பது?

பழம்பஞ்சாங்கம்:
1940 இல்லை, 1941. விக்ரம 1940 ஏப்ரல் நடுவில் பிறந்து 1941 ஏப்ரலில் முடிகிறது. தை ஜனவரி நடுவில்தான் தொடங்கும். மார்கழி இன்னும் சிக்கல்: முதல் பாதி ஒரு வருஷம், பின்பாதி அடுத்த வருஷம். வம்சாவளியில் ஒரு வயது கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இதனால்தான்.

அதைவிடப் பெரிய பிசகு அறுபது வருஷச் சுற்று. விக்ரம 1880-லும் வந்தது, 2000-லும் வந்தது. தாத்தாவும் அவர் தாத்தாவும் ஒரே பெயர் என்கிறீர்கள், ஜாதகம் யாருடையது என்பதே கேள்விதான். ராசிக் கட்டத்தில் ராகுவைப் பாருங்கள். குருவும் சனியும் உதவ மாட்டார்கள். 60 வருஷத்தில் குரு ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று முடித்துப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்பார்கள். ராகுவுக்கு ஒரு சுற்று சுமார் 18.6 வருஷம், அதனால் கிட்டத்தட்ட மூன்று ராசி தள்ளியிருப்பார். 1881 தைக்கும் 1941 தைக்கும் ஜாதக மென்பொருளில் கட்டம் போட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நட்சத்திரமும் கிழமையும் எழுதியிருந்தால் தேதியே சிக்கும்.

கிரயச்சீட்டு:
ஜாதகத்தை மட்டும் நம்ப வேண்டாம், பத்திரத்தோடு உரசிப் பாருங்கள். பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) போட்டிருந்தால் ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும். உங்கள் பக்கம் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) இருக்கும். அது ஆவணியில் தொடங்கும். டிசம்பர் வரை 824, அதன்பின் 825. பசலி 1350 தை, கொல்லம் 1116 தை, விக்ரம தை மூன்றும் 1941-தான். இரண்டு கணக்கு ஒத்துப்போகாவிட்டால் முதலில் எண்ணைப் படித்ததில் தப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தமிழ் எண்களில் 'சு' மாதிரி இருப்பது 6, 'கூ' மாதிரி இருப்பது 9, 'எ' 7, 'அ' 8. தலைப்பில் தனியாக நிற்கும் 'உ' பிள்ளையார் சுழி. அதை 2 என்று சேர்த்துப் படித்தவர்களும் உண்டு!

பெயர்க் குழப்பத்துக்கு: க. வேலாயுதம், மகன் வே. கந்தசாமி, அவர் மகன் மறுபடி க. வேலாயுதம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தில் இனிஷியல் பயன்படாது. 'இன்னார் குமாரர் இன்னார்' என்பதோடு மனைவி பெயர், பட்டப்பெயர், சர்வே எண் மூன்றையும் குறித்து, ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுங்கள். கிரயப் பத்திரத்தில் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தியைத் தவறாமல் படியுங்கள். பிதுரார்ஜிதம் (தந்தை வழியில் வந்த சொத்து) என்றால் அப்பா பெயரும், பாகம் என்றால் பழைய பத்திர எண்ணும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

மொய்க்கணக்கு:
பாகப்பிரிவினைப் பத்திரத்தை வைத்து மரம் வரைந்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தப்படும்வரை கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கு கிடையாது, அதனால் பழைய பத்திரங்களில் பெண்கள் பெயர் பெரும்பாலும் வராது. அவர்களை மொய் நோட்டில் தேடுங்கள்: ஊர், பெயர், தொகை வரிசையாக இருக்கும், தாய்மாமன் மொய் தனியாகத் தெரியும். நோட்டில் தேதி கிழிந்திருந்தால் காசைப் பாருங்கள். நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு இருந்தால் அதற்கு முந்தையது அல்ல. அணா மட்டும் இருப்பதை வைத்து 1957-க்கு முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது, பழக்கத்தில் பிறகும் எழுதினார்கள்.

பரண்மேல்:
நன்றி. பள்ளிச் சான்றிதழில் தாத்தா பிறந்த தேதி 1.6.1940 என்று இருக்கிறதே?

பழம்பஞ்சாங்கம்:
ஜூனில் பள்ளிக்கூடம் சேர்க்க வயது சரிக்கட்டிய தேதியாக இருக்க வாய்ப்பு அதிகம். ராகு 1941-ஐக் காட்டினால் அதையே பிறந்த தேதியாக எழுதி, சான்றிதழ்த் தேதியையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். அரசு ஆவணங்களில் அவரைத் தேட அதுதான் வேண்டியிருக்கும்.