மெயில் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிட்டு இருக்கு, ஸ்பேர் ஒன்னு செட் பண்ண ஐடியா குடுங்க

வணக்கம் அண்ணா அக்கா எல்லாருக்கும். கேஎல் (கோலாலம்பூர்) பிரிக்பீல்ட்ஸ்ல மாமாவோட சின்ன அக்கவுண்ட்ஸ் ஆபிஸ், அவுட்லுக்ல பிஓபி3 (மெயில கம்ப்யூட்டர்ல இறக்கிட்டு சர்வர்ல அழிச்சிடுற முறை) போட்டுதான் ஓடுது, அதனால 2012லேருந்து வந்த கஸ்டமர் மெயில் எதுவும் சர்வர்ல கிடையாது, அந்த ஒரு டெஸ்க்டாப்ல ஒரே பிஎஸ்டி ஃபைலா (அவுட்லுக் மெயில சேத்து வைக்கிற ஃபைல்) கெடக்கு, 40 ஜிபி தாண்டிருச்சு, செட்டிங் மாத்தலன்னா 50க்கு மேல அவுட்லுக் விடாது வேற. ஹார்ட்டிஸ்க் இப்ப கடகடன்னு சத்தம் போடுது. வரி கட்டுற டைம்ல படுத்துச்சுன்னா செத்தோம் லா.

லோயாட் கம்ப்யூட்டர் மால்ல செகண்ட்ஹேண்ட் லேப்டாப் ஒன்னு வாங்கியாச்சு, ஃபைல காப்பி பண்ணி அதுல திறந்தா நல்லாவே திறக்குது. தலைவலி டெய்லி வர்ற மெயில்தான். சர்வர்ல ஒரு காப்பி 14 நாள் இருக்கட்டும்னு டிக் பண்ணிட்டா ரெண்டுலயும் இறங்கும், சரி, ஆனா நாம அனுப்புன மெயில் லேப்டாப்ல இருக்காதே, அதுக்கு என்ன பண்றீங்க? ராத்திரி ரோபோகாப்பி (விண்டோஸ்லயே இருக்குற காப்பி எடுக்குற புரோகிராம்) ஓட விடலாம்னா மாமா அவுட்லுக்க மூடவே மாட்டாரு, திறந்திருந்தா ஃபைல் லாக் ஆயிடுது. தானா மூட வச்சு காப்பி எடுக்குற மாதிரி யாராச்சும் செட் பண்ணிருக்கீங்களா?

பிஎஸ்டிய நெட்வொர்க் டிரைவ்ல வைக்கச் சொல்லாதீங்க, மைக்ரோசாஃப்டே வேணாம்ங்குது. ஐமேப்பும் (மெயில சர்வர்லயே வச்சுக்குற முறை) ஆகாது, நம்ம ஹோஸ்டிங்ல மெயில்பாக்ஸ் 2 ஜிபிதான்.