தளம் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது (அவசரம்)

தேன்சிட்டு · இரவு 10:52
வணக்கம். என் சர்வரில் இருக்கும் தளங்கள் நேற்று மாலையிலிருந்து சிலருக்குத் திறக்கின்றன, சிலருக்குத் திறக்கவில்லை. எனக்கும் திறக்கவில்லை. வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் பிடித்து உலுக்குகிறார்கள். இரண்டு முறை மறுதொடக்கம் செய்தாகிவிட்டது. நான் எதையும் மாற்றவில்லை. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம் · இரவு 10:58
எந்த இயங்குதளம்? தனி இயந்திரமா, மெய்நிகர் சர்வரா? அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா? திறக்கவில்லை என்றால் திரையில் என்ன வருகிறது?

பெயர்த்தேடி · இரவு 11:01
சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்றாலே டிஎன்எஸ்தான் (தளப் பெயரை எண் முகவரியாக்கும் ஏற்பாடு). பழைய முகவரி யாருடைய தற்காலிக நினைவிலோ உட்கார்ந்திருக்கிறது. டிடிஎல்லை, அதாவது அந்த நினைவு எத்தனை வினாடி நீடிக்கலாம் என்பதை, 86400 என்று வைத்திருப்பீர்கள். அப்படியானால் ஒரு முழு நாள் பொறுக்க வேண்டும். ஐபிவி6 முகவரிப் பதிவு ஏதாவது கவனிப்பாரற்றுக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

வேர்ப்பயனர் · இரவு 11:07
தம்பி, இணைப்பு மறுக்கப்பட்டதா, பதிலே வராமல் நேரம் கடந்ததா, இணைந்த பிறகு தொங்குகிறதா? மூன்றும் வெவ்வேறு. மறுத்தால் பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் (சேவைக்கான எண்ணிட்ட வாசல்) எந்த நிரலும் காத்திருக்கவில்லை. பதிலே இல்லையென்றால் நடுவில் யாரோ விழுங்குகிறார்கள். இணைந்தபின் தொங்கினால் கதையே வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் நான்கு பேருடைய தளத்தை ஏற்று நடத்தத் துணிவது எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் சோதனைச் செய்தி) போகிறதா? அதையாவது சொல்லுங்கள்.

தேன்சிட்டு · இரவு 11:15
முதலில், நான் தம்பி இல்லை. டெபியன் 12, என்ஜின்எக்ஸ். வாடகை இயந்திரம் ஒன்று, அதற்குள் கேவிஎம்மில் நான்கு மெய்நிகர் இயந்திரங்கள். டிஎன்எஸ் சரியான முகவரியைத்தான் தருகிறது, ஐபிவி6 வைத்துக்கொள்ளவில்லை. பிழைச்செய்தி எதுவும் இல்லை, உலாவியில் வட்டம் சுற்றுகிறது, அவ்வளவுதான். பிங் போகாது, அதை நானே தடுத்திருக்கிறேன்.

மதிலரசு · இரவு 11:19
பிங்கைத் தடுத்தது நல்ல காரியம். பிங்குக்குப் பதில் சொல்லும் சர்வர், திருடன் கதவைத் தட்டினால் உள்ளிருந்து "யாரது?" என்று கேட்பதைப் போன்றது. 1990களில் ஒரே ஒரு பெருத்த பிங்கால் இயந்திரங்கள் மடமடவென்று படுத்ததை மறந்துவிட்டீர்களா? பிங் உட்பட வலையமைப்பின் கட்டுப்பாட்டுச் செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பியை மொத்தமாக மூடுவதுதான் என் வழக்கம்.

உங்கள் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். ஃபயர்வாலின் இணைப்புக் கண்காணிப்பு அட்டவணை நிரம்பிவிட்டால் புதிய இணைப்புகளைச் சத்தமில்லாமல் கைவிடும். கெர்னல் பதிவேட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பொட்டலக்காரன் · இரவு 11:26
மதிலரசு, அந்த ஓட்டை அடைபட்டுக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. 65,535 பைட்டை மீறும் பாக்கெட்டை (வலையில் போகும் தரவுப் பொட்டலம்) துண்டுகளாக அனுப்பினால், மறுமுனையில் கோக்கும்போது நினைவகம் வழிந்தது. அது கோக்கும் நிரலில் இருந்த பிழை, பிங்கின் குற்றமில்லை. வலைத்தளத்துக்கான 80, 443 என்ற இரண்டு போர்ட் கதவுகளையும் ஊருக்கே திறந்து வைத்துவிட்டுப் பிங்குக்கு மட்டும் ஒளிந்துகொள்வதில் என்ன மறைவு இருக்கிறது?

மதிலரசு · இரவு 11:29
தேவையில்லாத எதையும் உள்ளே விடாதே என்பது பாதுகாப்பின் பாலபாடம். என் சர்வர்கள் பல ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகின்றன.

வேர்ப்பயனர் · இரவு 11:34
தேவையில்லாதது எது என்று தெரிந்தால்தானே? பிங் என்பது ஐசிஎம்பியில் கேள்வியான வகை 8ம் பதிலான வகை 0ம் மட்டுமே. வகை 11 இல்லாவிட்டால் பாக்கெட் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் குருடு. வகை 3 இல்லாவிட்டால் இன்னும் மோசம். ஐபிவி6இல் எல்லாவற்றையும் மூடினால் பக்கத்து இயந்திரத்தின் முகவரியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. இதையெல்லாம் இங்கே எத்தனை முறை எழுதியிருப்பேன்! பழைய இழைகளைப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

மதிலரசு · இரவு 11:36
உங்கள் பழைய இழைகளில் பாதி, அடுத்தவரைத் திட்டுவதுதான் ஐயா.

அரைத்தூக்கம் · இரவு 11:41
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தேன்சிட்டு, திறக்கிறவர்களுக்கும் திறக்காதவர்களுக்கும் என்ன வேறுபாடு? கைபேசி இணையத்தில் பார்த்தீர்களா? குறியாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி முகவரியில் என்ன நடக்கிறது?

தேன்சிட்டு · இரவு 11:58
இப்போதுதான் பார்த்தேன். கைபேசி இணையத்தில் திறக்கிறது. வீட்டு இணைப்பில் திறக்கவில்லை, ஆனால் அதே வீட்டு இணைப்பில் விபிஎன் போட்டால் திறக்கிறது! எச்டிடிபி முகவரியைக் கொடுத்தால் உடனே எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் நின்றுவிடுகிறது. சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதோ? எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளையிடும் வழி) சர்வருக்குள் போக முடிகிறது, ஆனால் பெரிய கோப்பகத்தைப் பட்டியலிட்டால் பாதியில் உறைந்துபோகிறது.

பெயர்த்தேடி · இரவு 12:02
விபிஎன் போட்டால் வேறு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். நான் சொன்னதுதான்.

பொட்டலக்காரன் · இரவு 12:09
டிஎன்எஸ் பிழையென்றால் எஸ்எஸ்எச் பாதி வழியில் உறையாது. காலாவதியான சான்றிதழ் என்றால் உலாவி எச்சரிக்கை காட்டும், இப்படி வாய்மூடி நிற்காது.

சிறிய பதில்கள் வருகின்றன, பெரியவை வரவில்லை. திருப்பிவிடும் பதில் சில நூறு பைட்தான், ஆகவே வந்துவிட்டது. சான்றிதழ்ச் சங்கிலி பெரும்பாலும் ஒரே பாக்கெட்டில் அடங்காது, அங்கே நின்றுவிட்டது. எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய உச்ச அளவு, அதன் பிரச்சினை இது. இரண்டு கேள்விகள்: மெய்நிகர் இயந்திரங்களுக்கும் வெளியுலகுக்கும் இடையே ஏதாவது சுரங்கம் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் வழி) போட்டிருக்கிறீர்களா? பிங்கைத் தடுத்தது எந்த இயந்திரத்தில், எப்போது, எந்த விதியால்?

தேன்சிட்டு · இரவு 12:17
போன வாரம் டிடாஸ் (வெள்ளமாகக் கோரிக்கைகளை அனுப்பி முடக்கும் தாக்குதல்) பாதுகாப்புச் சேவை ஒன்றில் சேர்ந்தேன். அவர்கள் சொன்னபடி நான்கையும் தாங்கும் தாய் இயந்திரத்தில் ஜிஆர்இ வகைச் சுரங்கம் போட்டேன், போக வர எல்லாமே அதன் வழியாகத்தான். ஒரு வாரமாக நன்றாகத்தான் ஓடியது. பிங் விதி நேற்று மதியம். ஒரு பாதுகாப்புப் பட்டியலில் பார்த்து நான்கு மெய்நிகர் இயந்திரங்களிலும் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்துச் சேமித்துவிட்டேன். போட்டவுடன் தளத்தைத் திறந்தும் பார்த்தேன், உடனே வந்தது. அதனால்தான் அதைச் சொல்லவில்லை.

வேர்ப்பயனர் · இரவு 12:19
"நான் எதையும் மாற்றவில்லை."

பொட்டலக்காரன் · இரவு 12:38
விடுங்கள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம்.

ஜிஆர்இ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 24 பைட் மேலுறை போடுகிறது. 1500இல் 24 போனால் 1476. மெய்நிகர் இயந்திரத்துக்கு இது தெரியாது, அது 1500க்கு நிரப்பி, "துண்டாக்காதே" என்ற குறியோடு அனுப்பும். தாய் இயந்திரம் அதைச் சுரங்கத்துக்குள் நுழைக்க முடியாமல் கீழே போட்டுவிட்டு, "1476க்குள் அனுப்பு" என்று ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4இல் தகவல் சொல்லும். 1990இலேயே ஆர்எஃப்சி 1191 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்த ஏற்பாடு. அந்தத் தகவலைத்தான் நேற்று மதியத்திலிருந்து உங்கள் விதி வாசலிலேயே வாங்கிக் கிழித்துப் போடுகிறது. சர்வர் அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

விபிஎன்னில் திறப்பதற்குக் காரணம் அதன் எம்டியு சிறியது. உதாரணமாக வயர்கார்டு விபிஎன் என்றால் வழக்கமாக 1420. அதில் தலைப்புகளுக்கு 40 பைட் போக, உலாவி தொடக்கத்திலேயே "1380க்கு மேல் தராதே" என்று கேட்டுவிடும். அதே கணக்கில் வீட்டு இணைப்பு 1460 கேட்கிறது, சுரங்கம் தாங்குவது 1436.

போட்டவுடன் திறந்து பார்த்து ஏமாந்ததற்கும் காரணம் உண்டு. ஒருமுறை கற்ற பாதை அளவை லினக்ஸ் இயல்பாக 600 வினாடி நினைவில் வைத்திருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்திருந்தால் நேற்றே பிடிபட்டிருக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் மெய்நிகர் இயந்திரத்தில் பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு ஐசிஎம்பியை மட்டும் கவனியுங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை அது ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும், எனவே தடுத்த தகவலும் தெரியும். முதலில் அந்த விதியை எடுங்கள். பிங்கைத் தடுத்தே தீரவேண்டுமென்றால் வகை 8ஐ மட்டும் தடுங்கள். பிறகு தாய் இயந்திரத்தில், சுரங்கத்துக்குள் போகும் டிசிபி இணைப்புகளின் (இந்தத் தளமும் எஸ்எஸ்எச்சும் ஓடும் வகை) எம்எஸ்எஸ்ஸை, அதாவது தலைப்புகள் போகத் தரவுக்கு விடும் உச்ச அளவை, 1436க்குக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றைச் சேருங்கள்.

மதிலரசு · இரவு 12:44
"நடப்பிலுள்ள இணைப்பும் அதோடு தொடர்புடையதும்" என்று ஓர் அனுமதி வரி இருந்தால் இந்த ஐசிஎம்பி அதன்வழியே உள்ளே வந்துவிடும். என் சர்வர்களில் அதனால்தான் பிரச்சினை இல்லை.

வேர்ப்பயனர் · இரவு 12:50
அப்படியானால் நீங்கள் மொத்தமாக மூடவே இல்லை ஐயா, இத்தனை ஆண்டுகளாக மூடியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இவர் விதியைக் கடைசியில் சேர்க்காமல் உச்சியில் செருகியிருப்பார், கீழே இருக்கும் அனுமதி வரிக்கு முறையே வராது. எம்எஸ்எஸ் கட்டுப்பாடு வெறும் ஒட்டு. டிசிபியைத் தவிர வேறெதையும் தொடாது. மெய்நிகர் இயந்திரங்களின் எம்டியுவையே 1476 ஆக்குவதுதான் ஒழுங்கு.

பொட்டலக்காரன் · இரவு 12:53
தூங்காமல் தவிக்கிறவருக்கு இன்றிரவு ஒட்டு போதும்.

தேன்சிட்டு · இரவு 1:12
உச்சியில்தான் செருகியிருந்தேன். நான்கிலும் எடுத்துவிட்டேன். திறக்கிறது. மிக்க நன்றி. தூங்கப் போகிறேன்.

அரைத்தூக்கம் · காலை 8:20
எம்எஸ்எஸ் விதியும் சேர்த்தீர்களா, தடையை மட்டும் எடுத்தீர்களா?

பொட்டலக்காரன் · மறுநாள் இரவு 9:05
தேன்சிட்டு? சுரங்கம் அப்படியேதான் இருக்கிறது, அடுத்த பாதுகாப்புப் பட்டியல் வருவதற்குள் சேர்த்துவிடுங்கள்.

பெயர்த்தேடி · மறுநாள் இரவு 9:31
எதற்கும் டிடிஎல்லை 300க்குக் குறைத்து வையுங்கள்.